எறியப்பட்ட மின்னேற்றப் பொருளின்மேல் காந்த விசை

சாய்வாக மேல்நோக்கி எறியப்பட்ட கல் பரவளைவு ஒன்றை வரைந்து தரையில் வீழ்கின்றது என்பதை மேல்நிலை வகுப்பு மாணவர் அனைவரும் அறிவர். அப்பொருள் மின்னேற்றம் பெற்றிருந்து, அது செல்லும் வெளியில் காந்தப்புலமும் இருக்குமாயின் பாதை எவ்வாறு மாறும் என்னும் வினா வகுப்புகளில் எழுவதுண்டு. வினா எளிதாகத் தோன்றினும், அதற்கு விடை காண்போர் இரு பிழைகளுக்கு எளிதில் ஆளாகின்றனர். காந்த விசை பொருளின் வேகத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும் எனக் கருதுவது ஒன்று. எறிந்த கணத்தில் கணக்கிட்ட விசையே வீழும் வரை மாறாது நிற்கும் எனக் கொள்வது மற்றொன்று. இவற்றுடன், விசையின் அளவைச் சிறிதும் எண்ணிப் பாராமல் சூத்திரத்தை மட்டும் கையாளும் வழக்கமும் சேர்ந்துகொள்கின்றது.

இப்பிழைகளைக் களைவதற்கு இரண்டு பொருள்களை ஒப்பிட்டு நோக்குவது நலம். ஒன்று, தில்லியின் திறந்தவெளி ஒன்றில் எறியப்படும் மின்னேற்றப் பந்து. மற்றொன்று, அதே நகரில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையத்தில் காந்தத்தின் ஊடே விரையும் கரிம அயனி. இரண்டின்மேலும் செயற்படுவது ஒரே விதி. ஆயினும் ஒன்றில் அதன் விளைவு கண்ணுக்குத் தெரிவதில்லை. மற்றொன்றில் அவ்விளைவே பொறியின் உயிர்நாடியாக விளங்குகின்றது.

விசையின் இயல்பு

காந்தப்புலத்தில் இயங்கும் மின்னேற்றத்தின்மேல் ஏற்படும் விசை மூன்று அளவுகளின் பெருக்கலாகும்: மின்னேற்றம், புலத்துக்குச் செங்குத்தான திசைவேகம், காந்தப்புலத்தின் வலிமை. பொருள் அசையாது நின்றால் இவ்விசை இல்லை. புலத்தின் திசையிலேயே சென்றாலும் இல்லை.

விசையின் திசையைப் பிளெமிங்கின் இடக்கை விதியால் அறியலாம். இடக்கையின் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நீட்டுக. சுட்டுவிரல் காந்தப்புலத்தையும், நடுவிரல் நேர்மின்னேற்றத்தின் இயக்கத்தையும் காட்டினால், பெருவிரல் விசையின் திசையைக் காட்டும். எதிர்மின்னேற்றமாயின் விசை நேர்மாறான திசையில் அமையும்.

விசை எப்பொழுதும் இயக்கத்துக்குச் செங்குத்தாகவே அமைகின்றது என்பதே இவ்விதியின் உட்பொருள். இயக்கத்துக்குச் செங்குத்தான விசை வேலை எதனையும் செய்வதில்லை. எனவே காந்த விசை பொருளைத் திருப்புமேயன்றி, அதன் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாது. பிற விசை எதுவும் இல்லாதபொழுது, சீரான புலத்துக்குச் செங்குத்தாகச் செல்லும் மின்னேற்றம் மாறா வேகத்துடன் வட்டத்தில் சுழலும். நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கி, அதனை மின்னேற்றம், புலம் ஆகியவற்றின் பெருக்கலால் வகுத்தால் அவ்வட்டத்தின் ஆரம் கிடைக்கும்.

தில்லியில் எறியப்பட்ட பந்து

உலோகத் தாள் ஒட்டிய தக்கைப் பந்து ஒன்றை எடுத்துக்கொள்க. அதன் ஆரம் 1 சென்டிமீட்டர். நிறை 1 கிராம். இதற்கு எவ்வளவு மின்னேற்றம் கொடுக்க இயலும்? வினாத்தாள்களில் 1 கூலூம், 2 கூலூம் என எழுதிவிடுவது எளிது. ஆனால் பந்தின் பரப்பில் மின்புலம் மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட்டை நெருங்கியதும் சுற்றியுள்ள காற்று தன் காப்புத் தன்மையை இழந்து, மின்னேற்றம் கசிந்துவிடும். இந்த எல்லையைக் கொண்டு கணக்கிட்டால், பந்து ஏற்கத்தக்க மின்னேற்றம் 3.3 × 10⁻⁸ கூலூம் மட்டுமே. அதாவது, ஒரு கூலூமின் மூன்று கோடியில் ஒரு பங்கு.

தில்லியில் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 0.00005 டெஸ்லா. பந்து வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் புலத்துக்குச் செங்குத்தாகச் செல்லும்பொழுது அதன்மேல் ஏற்படும் காந்த விசை 3.3 × 10⁻¹¹ நியூட்டன். பந்தின் எடையோ 0.0098 நியூட்டன். எனவே காந்த விசை எடையில் முப்பது கோடியில் ஒரு பங்கேயாகும். 1 டெஸ்லா வலிமையுள்ள ஆய்வகக் காந்தம் ஒன்றின் புலத்தில் எறிந்தாலும் அது எடையில் பதினையாயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டாது.

இதனை வேறொரு வகையிலும் கூறலாம். பூமியின் புலத்தில் காந்த விசை மட்டும் இப்பந்தின் எடையைத் தாங்கி நிற்க வேண்டுமாயின், மேற்கண்ட சூத்திரத்தின்படி பந்து ஒளியின் வேகத்தைப்போல் ஏறத்தாழ 20 மடங்கு வேகத்தில் செல்லுதல் வேண்டும். இயற்கையில் அது நிகழாது. அதே கணக்கைத் தனித்த புரோட்டானுக்குச் செய்தால், வினாடிக்கு 2 மில்லிமீட்டர் வேகமே போதுமானது. எறும்பின் நடையினும் மெதுவான வேகம் இது. பந்துக்கும் புரோட்டானுக்கும் இடையே இத்தனை வேறுபாடு தோன்றக் காரணம் ஒன்றே: ஒரு கிலோகிராம் நிறைக்கு எத்தனை கூலூம் என்னும் விகிதம் புரோட்டானில் பந்தைக் காட்டிலும் ஏறத்தாழ மூன்று லட்சம் கோடி மடங்கு மிகுதி.

பரவளைவு எவ்வாறு மாறும்?

விளைவு நுண்ணியதாயினும் அதன் போக்கை அறிந்துகொள்வது பயனுடையது. காற்றுத் தடையை இங்கு விலக்கி வைக்க. காந்தப்புலம் கிடையாக வடக்கு நோக்கி அமைந்திருப்பதாகவும், நேர்மின்னேற்றப் பந்து கிழக்கு நோக்கிச் சாய்வாக எறியப்படுவதாகவும் கொள்க.

பந்தின் கிழக்குத் திசைவேகத்தால் மேல்நோக்கிய விசை பிறக்கின்றது. ஆகவே பந்து சற்றே எடை குறைந்தாற்போல் நடந்துகொள்ளும். இதுவரை சரியே. ஆனால் இத்துடன் நின்றுவிடுவதுதான் முற்கூறிய இரண்டாவது பிழை. பந்து மேலே ஏறும்பொழுது அதன் நிலைக்குத்துத் திசைவேகத்தால் மேற்கு நோக்கிய விசை ஒன்றும் பிறக்கின்றது. உச்சியைக் கடந்து இறங்கும்பொழுது அவ்விசை கிழக்கு நோக்கித் திரும்பிவிடுகின்றது. ஏறுகையில் முன்செல்லும் வேகம் குறைகின்றது. இறங்குகையில் அதே அளவு மீண்டு வருகின்றது.

கணக்கை முறையாகச் செய்தால் எளிய முடிவு ஒன்று கிடைக்கும். பந்தின் கிடைத் திசைவேகத்தில் ஏற்படும் குறைவு, அது அடைந்துள்ள உயரத்தை மட்டுமே பொறுத்தது. எறிந்த மட்டத்துக்கே பந்து திரும்பியதும் உயரம் சுழியாகின்றது. எனவே கிடைத் திசைவேகமும் பழைய அளவை அடைகின்றது. காந்த விசை வேலை செய்யாதாகையால் மொத்த வேகமும் எறிந்த வேகமே. ஆகவே நிலைக்குத்துத் திசைவேகமும் அளவில் மாறுவதில்லை. பந்து எந்தக் கோணத்தில் எழுந்ததோ அதே கோணத்தில், எழுந்த வேகத்துடனேயே தரையைத் தொடும். மாறுபவை இரண்டு: பறக்கும் நேரமும், வீழும் இடமும்.

வீழும் இடம் எத்திசையில் மாறும்? விசை சிறியதாயிருக்கும்வரை, எறிகோணம் 60 பாகைக்குக் குறைவாயின் வீச்சு கூடும். 60 பாகைக்கு மேற்பட்டால் குறையும். 60 பாகையில் கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். செங்குத்தாக எறிந்த பந்து ஏறும் வேளையில் மேற்கே விலகி, அவ்விலகலை இறங்கும்வரை கூட்டிக்கொண்டே வரும் என்பதை நினைத்தால் இம்முடிவின் காரணம் விளங்கும். மேற்கு நோக்கி எறிந்தாலோ, மின்னேற்றம் எதிராயினாலோ இவை யாவும் தலைகீழாகும்.

தில்லியில் காந்தப்புலத்தின் கிடைக்கூறு ஏறத்தாழ 0.000035 டெஸ்லா. நமது தக்கைப் பந்தை வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில், 45 பாகைக் கோணத்தில் கிழக்கே எறிந்தால் வீச்சு 40.8 மீட்டர். அதில் காந்த விசையால் ஏற்படும் கூடுதல் ஒரு மில்லிமீட்டரின் இருபதாயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. எந்த அளவுகோலாலும் இதனைக் களத்தில் அளக்க இயலாது.

மறக்கப்படும் பிற விசைகள்

இவ்வாறான நுண்விசையைக் கணக்கில் சேர்ப்போர் அதனினும் மிகப் பெரிய விசைகளை விட்டுவிடலாகாது. வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செல்லும் அப்பந்தின்மேல் காற்றுத் தடை அதன் எடையைப்போல் மூன்று மடங்குக்கும் மேற்பட்டது. காற்றை முற்றிலும் நீக்கினாலும், பூமியின் சுழற்சியால் தோன்றும் கோரியோலி விசை எஞ்சி நிற்கும்.

கோரியோலி விசையின் வடிவம் காந்த விசையின் வடிவத்தை ஒத்தது என்பது கவனிக்கத்தக்கது. அதுவும் திசைவேகத்துக்குச் செங்குத்தானது; அதுவும் வேலை செய்வதில்லை. காந்தப்புலத்தின் இடத்தில் பூமியின் சுழற்சி அச்சை வைத்தால் முன்கூறிய விதிகள் அப்படியே பொருந்தும். இரண்டின் உச்ச அளவுகளை ஒப்பிட்டால், நமது பந்தின்மேல் கோரியோலி விசை காந்த விசையைப்போல் ஏறத்தாழ 88,000 மடங்கு. வடகோளத்தில் கிழக்கே எறியப்பட்ட பந்தைக் கோரியோலி விசை வலப்புறமாகத் தெற்கே தள்ளும். தில்லியின் புலம் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் காந்த விசையோ நேர்மின்னேற்றப் பந்தை இடப்புறமாக வடக்கே தள்ளும். பந்து தெற்கே விலகுவதைக் கண்டு காந்தப்புலத்தின் திசையை ஊகிக்க முற்படுபவர் தவறான முடிவுக்கே வருவார்.

முடுக்கியில் கரிம அயனி

புது தில்லி அருணா ஆசப் அலி மார்க்கில் உள்ள முடுக்கி மையம் 1984ஆம் ஆண்டில் அணுக்கரு விஞ்ஞான மையம் என்னும் பெயருடன், பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆதரவில் பல்கலைக்கழகங்களின் பொதுப் பயன்பாட்டுக்கென நிறுவப்பெற்றது. அங்குள்ள பெல்லட்ரான் முடுக்கி 1990இல் இயங்கத் தொடங்கியது. அது 26 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள நிலைக்குத்தான எஃகுத் தொட்டியினுள் அமைந்தது. உலோக உருளைகளை நைலான் இணைப்புகளால் கோத்த சங்கிலி மின்னேற்றத்தைச் சுமந்து சென்று, தொட்டியின் நடுவேயுள்ள முனையத்தை மிக உயர்ந்த நேர்மின்னழுத்தத்துக்குக் கொண்டுவருகின்றது. மின்பொறி தாவாமல் இருக்கும்பொருட்டுத் தொட்டியில் கந்தக ஹெக்சாஃபுளூரைடு வளிமம் அடைக்கப்பட்டுள்ளது.

மேலிருந்து எதிர்மின்னேற்றமுள்ள அயனிகள் செலுத்தப்படுகின்றன. நேர்முனையம் அவற்றைத் தன்பால் இழுக்கின்றது. முனையத்தில் மெல்லிய கரிமத் தகட்டின் அல்லது வளிமத்தின் ஊடே செல்லும்பொழுது அயனிகள் பல எலெக்ட்ரான்களை இழந்து நேர்மின்னேற்றம் பெறுகின்றன. அவற்றை அதே முனையம் இப்பொழுது கீழ்நோக்கி விலக்கித் தள்ளுகின்றது. ஒரே மின்னழுத்தம் இருமுறை பயன்படுகின்றது.

முனையத்தின் மின்னழுத்தம் ஒரு கோடி வோல்ட் எனக் கொள்க. ஒற்றை எதிர்மின்னேற்றமுள்ள கரிம அயனி முனையத்தை அடைகையில் ஒரு கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் பெறும். அங்கு ஐந்து அலகு நேர்மின்னேற்றம் பெற்றுக் கீழிறங்குகையில் மேலும் ஐந்து கோடி சேரும். மொத்தம் ஆறு கோடி எலெக்ட்ரான் வோல்ட். அப்பொழுது அதன் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 31,000 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு.

தொட்டியின் அடியில் பகுப்புக் காந்தம் அயனிக் கற்றையை 90 பாகை திருப்பிக் கிடைத்திசைக்குக் கொண்டுவருகின்றது. அதன் புலம் 1 டெஸ்லா எனக் கொண்டால், அயனியின்மேல் ஏற்படும் விசை 2.5 × 10⁻¹¹ நியூட்டன். தக்கைப் பந்தின்மேல் ஏற்பட்ட விசை 3.3 × 10⁻¹¹ நியூட்டன் என்பதை நினைவுகூர்க. இரண்டு விசைகளும் ஏறத்தாழச் சமமானவையே. பந்தை அவ்விசை அசைத்ததாகவே தெரியவில்லை. அயனியையோ அது 77 சென்டிமீட்டர் ஆரமுள்ள வில்லில் வளைத்துச் செல்கின்றது. அயனியின் நிறை 2 × 10⁻²⁶ கிலோகிராம் மட்டுமே என்பதால் வந்த வேறுபாடு இது. விசை பெரிதா சிறிதா என்று கேட்பது போதாது. எந்த நிறையின்மேல் என்றும் கேட்டல் வேண்டும்.

அயனியும் எறியப்பட்ட பொருளே. அதுவும் புவியீர்ப்பால் வீழ்கின்றது. ஆனால் கால்வட்டப் பாதையை அது ஒரு வினாடியின் இரண்டரைக் கோடியில் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடும். அந்நேரத்தில் அது வீழும் தொலைவு அணுக்கரு ஒன்றின் குறுக்களவை ஒத்தது. பந்தின் கணக்கில் காந்த விசையைப் புறக்கணிப்பது போன்றே, அயனியின் கணக்கில் எடையைப் புறக்கணித்தல் முறையாகும்.

திருப்புதலே அளவீடு

முனையத்தில் எல்லா அயனிகளும் ஒரே எண்ணிக்கையில் எலெக்ட்ரான்களை இழப்பதில்லை. நான்கு அலகு மின்னேற்றத்துடன் சிலவும், ஐந்து, ஆறு அலகுகளுடன் சிலவும் ஒன்றாகவே கீழிறங்குகின்றன. மேற்கண்ட நிலையில், 1 டெஸ்லா புலத்தில் அவற்றின் வளைவு ஆரங்கள் முறையே 88, 77, 70 சென்டிமீட்டர். காந்தத்தைக் கடந்த இடத்தில் குறுகிய பிளவு ஒன்றை வைத்தால், வேண்டிய மின்னேற்றமும் ஆற்றலும் உடைய அயனிகள் மட்டுமே அதன்வழிச் செல்லும், பிற ஒதுக்கப்படும்.

காந்த விசை வேகத்தை மாற்றாது என்னும் இயல்பு இங்கே பெரும் பயன் தருகின்றது. காந்தத்தினுள் நுழைந்த ஆற்றலுடனேயே அயனி வெளிவருவதால், காந்தப்புலத்தையும் ஆரத்தையும் அளந்து அயனியின் ஆற்றலைக் கணிக்க முடிகின்றது. வேகம் தருவது மின்புலத்தின் பணி. தரம் பிரிப்பதும் அளப்பதும் காந்தப்புலத்தின் பணி. இரண்டையும் குழப்பிக்கொண்ட மாணவனுக்கு இப்பொறி விளங்காது.

பூமியே காந்தமாக

செயற்கைக் காந்தம் செய்வதைப் பூமியின் மெலிந்த புலமும் பெருந்தொலைவில் செய்கின்றது. 1,700 கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டான் 0.00004 டெஸ்லா புலத்தில் ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் ஆரத்தில் வளையும். விண்ணிலிருந்து செங்குத்தாக வரும் புரோட்டான்களுள் ஏறத்தாழ இந்த ஆற்றலுக்குக் குறைந்தவை உதகமண்டலத்தின் வானை எட்டாமலே திருப்பப்படுகின்றன. காந்த நடுக்கோடு தென்னிந்தியாவை ஒட்டிச் செல்வதால் இத்தடை அங்கு மிகுதி. வடக்கே செல்லச் செல்லக் குறையும்.

உதகமண்டலத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பொறுப்பில் இயங்கும் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம், காஸ்மிக் கதிர்களால் வளிமண்டலத்தில் பிறக்கும் மியுவான் துகள்களை எண்ணி வருகின்றது. 2015 ஜூன் 22ஆம் நாளன்று, சூரியனிலிருந்து வெளிப்பட்ட மின்மப் பெருமுகில் பூமியின் காந்த மண்டலத்தைத் தாக்கியபொழுது, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் மியுவான்களின் எண்ணிக்கை வழக்கத்துக்கு மேல் உயர்ந்தது. காந்தக் காப்பு சிறிது நேரம் தளர்ந்ததால், வழக்கமாகத் திருப்பப்படும் துகள்களும் உள்ளே வந்தன என ஆய்வாளர்கள் 2016இல் விளக்கினர். துகளைத் திருப்பும் விசை குறைந்ததைத் துகள்களின் எண்ணிக்கையே காட்டிக்கொடுத்தது.

வகுப்பில் செய்யத்தக்கவை

ஆசிரியர்கள் இப்பாடத்தைக் கற்பிக்கையில் முதற்கண் மாணவரைக் காந்த விசைக்கும் எடைக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிடச் செய்தல் நன்று. அவ்விகிதம் ஒன்றினும் மிகச் சிறிதாயின் பரவளைவே பாதை. மிகப் பெரிதாயின் வட்டமே பாதை. இரண்டுக்கும் இடைப்பட்டதாயின் மட்டுமே இரண்டையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அடுத்து, கிடைத்த விடையில் பந்து எறிந்த மட்டத்துக்குத் திரும்பும் வேகம் எறிந்த வேகத்துக்குச் சமமாக உள்ளதா எனச் சரிபார்க்கச் சொல்லுக. சமமாக இல்லையெனில் கணக்கில் எங்கோ பிழை நேர்ந்துள்ளது.

பழைய எலெக்ட்ரான் கற்றைக் குழாயுடைய அலைகாட்டி பள்ளியில் இருக்குமாயின், விசையைக் கண்ணாலேயே காட்டலாம். 2,000 வோல்ட்டால் முடுக்கப்பெற்ற எலெக்ட்ரான் தில்லியின் கிடைக்கூற்றில் 4.3 மீட்டர் ஆரத்தில் வளையும். 30 சென்டிமீட்டர் நீளத்தைக் கடப்பதற்குள் அது ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் விலகிவிடும். காந்தக் காப்புறை இல்லாத குழாயின் திரையை முதலில் வடக்கு நோக்கியும், பின்னர் கிழக்கு நோக்கியும் திருப்பினால் ஒளிப்புள்ளி கீழே இறங்குவதைக் காணலாம். மேற்கு நோக்கித் திருப்பினால் அது மேலே ஏறும். காப்புறை உள்ள குழாயாயின் சிறிய சட்டக் காந்தம் ஒன்றை அருகே கொண்டுவந்து விலகலைக் காட்டலாம். அலைகாட்டியின் உறையைத் திறத்தல் கூடாது. உள்ளே உயிருக்கு ஊறு விளைவிக்கும் மின்னழுத்தம் உண்டு. வண்ணத் தொலைக்காட்சிப் படக்குழாயின் அருகே காந்தத்தைக் கொண்டுசெல்லுதலும் கூடாது. அதிலுள்ள உலோகத் திரை காந்தமேறி நிறங்கள் கெட்டுவிடும்.

பந்தை எறிந்து காட்ட இயலாத விளைவை இவ்வொளிப்புள்ளி காட்டும். அதனைக் கண்ட பின்னர் மாணவரிடம் கேட்கத்தக்க வினா ஒன்று உண்டு: புள்ளி இடம் மாறியது, அதன் ஒளி கூடியதா, குறைந்ததா? வேகம் மாறவில்லையாகையால் ஒளியும் மாறவில்லை என்னும் விடையை மாணவரே கண்டு கூறுவராயின் பாடம் நிறைவுற்றதெனக் கொள்ளலாம்.